அளவும் ஒரு பாதுகாப்புதான்

கண்ணமங்கலம், ஆரணி பக்கம் அம்மா பட்டுத்தறியில் உட்கார்ந்துவிட்டால் அடுப்படிக்குப் போவது பெரும்பாலும் மகள்தான். (மகனுக்கும் சொல்லிக்கொடுங்க, கை தேய்ஞ்சிடாது.)

முதலில் டம்ளர் கணக்கைப் பழக்குங்கள். அரிசி அளந்த அதே டம்ளரால்தான் தண்ணீரும் அளக்கணும். பச்சரிசி ஒரு டம்ளருக்கு இரண்டு, புழுங்கலரிசிக்கு சுமார் மூன்று.

குக்கரில் நேரடியாக அரிசியோ பருப்போ வேகவைத்தால், தண்ணீரோடு சேர்த்துப் பாதி அளவுக்கு மேல் போகக்கூடாது. ஏன்? இரண்டும் நுரைத்துப் பொங்கும். நுரையோடு வரும் பருப்புத் தோல் ஆவிக்குழாயை அடைத்தால் ஆவி வெளியேற வழியில்லை, குக்கர் வெடிக்கக்கூட வாய்ப்புண்டு. அதனால் மூடும் முன் அந்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை தெரிகிறதா என்று பார்க்கணும். ஆவி தானாக அடங்கும்வரை மூடியைத் திறக்க முயலக் கூடாது.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டணும். பற்பசை, மை, மாவு எதுவும் தடவாதீங்க. காயம் பெரிசா இருந்தா உடனே 108.