எவ்வளவு? எவ்வளவு காலத்தில்?

பத்தாம் வகுப்பில் அணுக்கரு இயற்பியல் நடத்தியபோது, "கதிர்வீச்சு உடலுக்குக் கேடு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். மறுவாரம் ஒரு மாணவி வந்து, "டீச்சர், மூணு வாரமா இருமுற எங்க அப்பத்தா எக்ஸ்ரே எடுக்க மாட்டேங்குது. நீங்க சொன்னதை நான்தான் வீட்ல சொன்னேன்" என்றாள். பிழை என்னுடையது.

அன்று கரும்பலகையை இரண்டாகப் பிரித்தேன்.

குறுகிய நேரம், பெரும் அளவு: 1986-இல் செர்னோபில் அணுஉலை வெடித்தபோது, பணியாளர்களும் தீயணைப்பு வீரர்களுமாக 134 பேருக்குக் கடும் கதிர்வீச்சு நோய் கண்டது. 28 பேர் சில மாதங்களில் இறந்தனர். எலும்பு மஜ்ஜை போன்றவற்றின் செல்கள் பெருமளவில் ஒரே நேரத்தில் மடிந்ததே காரணம்.

நீண்ட காலம், சிறு அளவு: சேதத்தைச் சரிசெய்யச் செல்களுக்கு அவகாசம் கிடைக்கிறது. உடனடி நோய் வராது. ஆனால், சரியாகாத டி.என்.ஏ. மாற்றம் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகலாம். மொத்த அளவு கூடக்கூட அந்த வாய்ப்பும் கூடும்.

"அப்ப எக்ஸ்ரே எந்தப் பக்கம், டீச்சர்?"

கணக்கிடச் சொன்னேன். இயற்கையிலிருந்து ஒருவர் ஆண்டுக்குப் பெறுவது உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். மார்பு எக்ஸ்ரே ஒன்றுக்குச் சுமார் 0.1. அதாவது, ஏறத்தாழ 15 நாளில் இயற்கையே தருவது. எக்ஸ்ரே எடுப்பவர் தடுப்புக்குப் பின்னால் நிற்பது ஏன் என்பதற்கும் மாணவர்களே விடை சொன்னார்கள்: நமக்கு ஒருமுறை, அவருக்கு அன்றாடம் பலமுறை.

அந்த வாரமே அப்பத்தா எக்ஸ்ரே எடுத்தார். சளிப் பரிசோதனையும் செய்து, காசநோய்க்கு மருந்து தொடங்கினார்கள்.

இப்போதெல்லாம் "கேடு" என்று மட்டும் நான் நிறுத்துவதில்லை. எவ்வளவு, எவ்வளவு காலத்தில் என்று மாணவர்களையே கேட்கவைக்கிறேன்.