நீருக்கு அஞ்சாத ஒரு பிணைப்பு

உயர்தர வகுப்பில் இரசாயனவியல் கற்கும் சகோதரிகளுக்குக் கிரிக்னாட் சோதனைப்பொருள் புதிதல்ல. மகனீசியத்தையும் அற்கைல் ஏலைட்டையும் ஈதரில் சேர்த்து அதைத் தயாரிக்கும் பாடத்தில் ஆசிரியை ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: பாத்திரமும் ஈதரும் நன்கு உலர்ந்திருக்க வேண்டும். நீர் பட்டால் மகனீசியம்-காபன் பிணைப்பு உடைந்து அற்கேன் உண்டாகிவிடும்.

உலோக அணு ஒன்று காபனுடன் நேரடியாகப் பிணைந்த இத்தகைய சேர்வைகளைச் சேதன உலோகச் சேர்வைகள் என்கிறோம். அப்படியானால், பெரும்பகுதி நீராலான நமது உடலில் இப்பிணைப்பு நிலைக்குமா? நிலைக்கும். விற்றமின் பி12 அதற்குச் சான்று.

கட்டமைப்பு

இவ்விற்றமினின் நடுவே ஒரேயொரு கோபாற்று அணு உள்ளது. அதைச் சுற்றிக் கொரின் எனும் பெரிய வளையம். வளையத்தின் நான்கு நைதரசன் அணுக்கள் ஏறத்தாழ ஒரே தளத்தில் இருந்து கோபாற்றைப் பிடித்துள்ளன. கீழிருந்து ஐந்தாவது நைதரசன் பிணைகிறது. இந்நைதரசன்கள் தமது தனிச்சோடி இலத்திரன்களை உலோகத்துக்கு வழங்கும் இணையிகள். மேலேயுள்ள ஆறாவது இடத்தில் காபன் அமர்கிறது. ஆறு இணைப்புகளும் சேர எண்முகி வடிவம் கிடைக்கிறது. உடலில் தொழிற்படும் ஒரு வகையில் அந்தக் காபன் மெதைல் கூட்டத்துக்குரியது. மாத்திரைகளில் பெரும்பாலும் காணப்படும் வகையில் அது சயனைட்டுக்குரியது.

ஏன் இந்த வேறுபாடு?

மின்னெதிர்த்தன்மையைப் பாருங்கள். காபன் 2.5, மகனீசியம் 1.3, கோபாற்று 1.9. மகனீசியத்துக்கும் காபனுக்கும் இடையே வேறுபாடு பெரிது. எனவே இலத்திரன்கள் காபன் பக்கம் அதிகம் சாய்கின்றன. அக்காபன் நீரிலிருந்து புரோத்தனைப் பறித்துக்கொள்கிறது. கோபாற்று-காபன் பிணைப்பில் முனைவுத்தன்மை குறைவு. ஆகவே நீர் அதை இலகுவில் தாக்குவதில்லை.

ஆனால் நீரில் நிலைப்பதெல்லாம் வலிமையான பிணைப்பு என எண்ணிவிடக்கூடாது. சாதாரண காபன்-காபன் ஒற்றைப் பிணைப்பை உடைக்க மூலுக்குச் சுமார் 350 கிலோயூல் தேவை. பி12 துணைநொதியத்தின் கோபாற்று-காபன் பிணைப்புக்குச் சுமார் 130 கிலோயூல் போதும். ஒளி பட்டாலும் அது உடையும். இந்த மென்மைதான் அதன் பயன். நொதியத்தினுள் பிணைப்பு உடைந்து சுயாதீன மூலிகம் தோன்றித் தாக்கத்தைத் தொடக்கிவைக்கிறது. வேலை முடிந்ததும் பிணைப்பு மீண்டும் உருவாகிறது. மெதைல் வகையோ தன் மெதைல் கூட்டத்தைக் கொடுத்து மெதியோனின் எனும் அமினோ அமிலம் உருவாக உதவுகிறது.

கண்டறிந்த பெண்மணி

1948இல் இவ்விற்றமின் சிவப்புப் பளிங்குகளாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் மூலக்கூற்றில் 181 அணுக்கள். அவை ஒவ்வொன்றும் எங்கே இருக்கின்றன என்பதை எக்ஸ் கதிர்கள் மூலம் ஆராய்ந்தவர் 1910இல் கெய்ரோவில் பிறந்த டொரதி ஹொட்ஜ்கின். இளவயதிலேயே மூட்டுவாத நோய் அவரது கைகளைப் பாதித்தது. மூன்று பிள்ளைகளின் தாயாகவும் இருந்துகொண்டே ஒக்ஸ்போர்ட்டில் ஆய்வைத் தொடர்ந்தார். பல்லாண்டு உழைப்பின் பின் 1950களின் நடுப்பகுதியில் கட்டமைப்பு தெளிவாயிற்று. 1961இல் துணைநொதியத்தில் கோபாற்று-காபன் பிணைப்பு இருப்பதும் வெளியானது. 1964இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

வீட்டுக்கு ஒரு வார்த்தை

செங்குருதிக் கலங்களும் நரம்புகளும் நலமாக இருக்க பி12 வேண்டும். தாவரங்கள் இதை ஆக்குவதில்லை, பக்ரீரியாக்களே ஆக்குகின்றன. நமக்கு மீன், முட்டை, பால், இறைச்சி வழியாகக் கிடைக்கிறது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்கிரோகிராம் அளவே போதும். மெலிய வேண்டுமென்று இவை அனைத்தையும் ஒதுக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

சகோதரிகளே, "உலோக-காபன் பிணைப்பு நீரில் உடையும்" என்று மனனம் செய்தவர் பி12இன் முன் திகைத்து நிற்பார். ஏன் உடைகிறது என்று கேட்டவருக்கோ இரண்டும் விளங்கும். சோற்றுக் கோப்பையிலுள்ள ஒரு மீன்துண்டில் இத்தனை நுட்பத்தை வைத்த அல்லாஹ்வின் படைப்பை நினைக்கையில் உள்ளம் சுப்ஹானல்லாஹ் என்கிறது.