கோயில் எண்களில் ஒரு கணிதப் பாடம்



108 போற்றி, 63 நாயன்மார், பத்துமலையின் 272 படிகள் என்று நம் வழிபாட்டில் எண்கள் நிறைந்திருக்கின்றன. ஆனால் நம் பிள்ளைகளுள் பலர் பின்னக் கணக்கு என்றாலே முகம் சுளிக்கிறார்கள். பின்னத்தைச் சுருக்கக் காரணி தெரிய வேண்டும். வெவ்வேறு பின்னங்களைக் கூட்ட மடங்கு தெரிய வேண்டும். இந்த அடித்தளம் ஆடினால் மேல்வகுப்புக் கணிதமும் ஆடிவிடும். பெற்றோர் வீட்டிலேயே சொல்லிக் கொடுக்க ஏதுவாக, நமக்குப் பழகிய எண்களைக் கொண்டே இப்பாடத்தை விளக்குகிறேன்.

காரணி

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண் அதன் காரணி ஆகும். காரணிகள் சோடியாக வரும். 272ஐ எடுத்துக்கொள்வோம்: 1 × 272, 2 × 136, 4 × 68, 8 × 34, 16 × 17. ஆக, பத்துக் காரணிகள். இதற்கு 272 வரை ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்த்துச் சோர்ந்துபோகத் தேவையில்லை. 17 × 17 = 289; அது 272ஐத் தாண்டிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு சோடியிலும் ஓர் எண் 16க்குள் அடங்கிவிடும். 16 வரை சோதித்தால் போதும்.

மடங்கு

ஓர் எண்ணை 1, 2, 3 என்று வரிசையாகப் பெருக்கக் கிடைப்பவை அதன் மடங்குகள். நட்சத்திரங்கள் 27; ராசிகள் 12.

27இன் மடங்குகள்: 27, 54, 81, 108...
12இன் மடங்குகள்: 12, 24, 36, 48, 60, 72, 84, 96, 108...

இரு வரிசைகளும் முதன்முதலில் சந்திக்கும் இடம் 108. இதுவே மீச்சிறு பொது மடங்கு. நட்சத்திரத்திற்கு 4 பாதம், ராசிக்கு 9 பாதம் என்று சோதிடத்தில் பிரித்திருப்பதும் இக்கணக்கே.

பகா எண்

1, தான் ஆகிய இரண்டு காரணிகளை மட்டுமே உடையது பகா எண். 1க்கு ஒரே காரணி. ஆதலால் அது பகா எண் அன்று.

51, 101, 501, 1001 வெள்ளி என்று ஒன்றைக் கூட்டி நன்கொடை தருவது நம் வழக்கம். இவற்றுள் எவை பகா எண்கள்? 51இன் இலக்கங்களைக் கூட்டினால் 6. எனவே 3ஆல் வகுபடும் (3 × 17). 501உம் அவ்வாறே (3 × 167). 101ஐ 2, 3, 5, 7 எதுவும் மீதியின்றி வகுக்காது. அடுத்த பகா எண் 11. ஆனால் 11 × 11 = 121, 101ஐத் தாண்டிவிட்டதால் அங்கே நிறுத்திவிடலாம். 101 பகா எண்ணே. 1001 பகா எண் போலத் தோன்றினாலும் 7 × 11 × 13 எனப் பிரிந்துவிடும். நான்கில் 101 மட்டுமே பகா எண்!

நம்மவர் கண்ட வழி

கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை இராமானுஜன் (1887–1920) கல்லூரித் தேர்வில் தவறியவர். தன்னிலும் சிறிய எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி அவர் எழுதிய ஆய்வு 1915இல் இலண்டனில் வெளிவந்தது. அவ்வாய்வுக்காக 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது. 60 அத்தகைய ஓர் எண். அதற்கு 12 காரணிகள். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையின் படிகளும், தமிழ் ஆண்டுகளும் அறுபதே. 108க்கும் 12 காரணிகள்தாம். ஆனால் 60 முந்திக்கொண்டதால் அந்த வரிசையில் 108க்கு இடமில்லை.

பெற்றோருக்கு

இடைநிலைப்பள்ளியில் காரணி 'ஃபக்டோர்' ஆகிறது. மடங்கு 'கண்டாஆன்' ஆகிறது. பகா எண் 'நொம்போர் பெர்டானா' ஆகிறது. தமிழ்ப்பள்ளியில் பொருளைத் தெளிவாக உணர்ந்த பிள்ளைக்குச் சொல் மட்டுமே புதிது. உணராத பிள்ளைக்கோ சொல்லும் புதிது, பொருளும் புதிது. அங்கேதான் பலர் பின்தங்கிவிடுகிறார்கள்.

அடுத்த முறை பத்துமலைப் படியேறும்போது பிள்ளைகளிடம் கேளுங்கள்: 63க்கு எத்தனை காரணிகள்? 97 பகா எண்ணா? (விடை: ஆறு, ஆம்.) விடையோடு விட்டுவிடாமல், எப்படிக் கண்டாய் என்றும் கேளுங்கள். எல்லாம் வல்ல முருகப்பெருமான் நம் பிள்ளைகளுக்குக் கல்வியில் தெளிவருள்வானாக!