ஓவியத்துக்கு விலை சொல்வது எப்படி?

எமது கல்லூரியில் சித்திரம் பயிலும் சகோதரிகள் அநேகர். அரபு எழுத்தணி எழுதுகிறோம். நீர்வர்ணத்தில் பூக்களும் கடற்கரைகளும் தீட்டுகிறோம். கல்யாண வீட்டுக்கும் புதுமனை புகும் வீட்டுக்கும் அவற்றை அன்பளிப்பாகக் கொண்டுபோகிறோம். ஆனால் யாராவது “இது என்ன விலை?” என்று கேட்டுவிட்டால் வாயடைத்துப் போகிறோம். “தாறதைத் தாங்க” என்பதே பலரது பதில். அந்தக் கேள்விக்குச் சரியான விடை சொல்லப் பழகுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கலைக்கு ஒரு சந்தை

ஓவியன் தன் படைப்பைத் தானே விற்கும் இடங்களில் நம் நாட்டில் பெயர்பெற்றது கொழும்பின் “கலா பொல”. சிங்களத்தில் பொல என்றால் சந்தை. மரக்கறியும் மீனும் விற்கும் கிராமத்துப் பொலவைப் போலவே இதுவும் திறந்த வெளியில் நடப்பது. ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் பெயரால் அமைந்த மன்றம் 1993 ஆம் ஆண்டு இதைத் தொடங்கியது. வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வரும் நூற்றுக்கணக்கான கலைஞர்கள் பாதையோரம் தம் படைப்புகளைப் பரப்பி வைக்கிறார்கள். அது நடக்கும் வீதி, கிறீன் பாத் என்று இன்றும் பலர் சொல்லும் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. நம் நாட்டுக் கைவினைஞர்களின் கலையை ஆராய்ந்து 1908 இல் பெருநூல் எழுதிய அறிஞரின் பெயர், ஓவியர்கள் கடை விரிக்கும் வீதிக்கு அமைந்திருப்பது பொருத்தமே.

கலைக்கூடத்தில் ஓவியருக்கும் வாங்குபவருக்கும் நடுவே இன்னொருவர் நின்று விலை பேசுவார். சந்தையில் அந்த நடுவர் இல்லை. விலையை நாமே தீர்மானித்து, நாமே சொல்ல வேண்டும். ஊர்க் கண்காட்சியில் ஒரு மேசை பிடித்தாலும் இதே நிலைதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு மாணவி பத்து எழுத்தணிப் படங்களுடன் உள்ளூர்க் கண்காட்சி ஒன்றுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். விலைகள் உதாரணத்துக்கு மட்டுமே. ஒரு படத்துக்கு:

கடதாசி – ரூபா 250
மை, வர்ணம் – ரூபா 300
பொதி செய்யும் உறை – ரூபா 100
ஆறு மணித்தியால உழைப்பு, மணிக்கு ரூபா 300 வீதம் – ரூபா 1,800

மேசைக் கட்டணமும் போக்குவரத்தும் சேர்த்து ரூபா 4,000 என்போம். இதைக் கொண்டுபோகும் பத்துப் படங்களால் வகுப்பது சரியல்ல. விற்கும் என்று நம்பக்கூடிய எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஐந்து விற்குமென்றால் படமொன்றுக்கு ரூபா 800. மொத்தம் ரூபா 3,250. இதுவே அந்தப் படத்தின் அடிப்படை விலை.

இனி, ஒவ்வொன்றுக்கும் ரூபா 1,800 இல் பிரேம் போட்டால் விலை ரூபா 5,050 ஆகும். எது நல்லது? ஐந்து படங்கள் விற்றன என்றே இரண்டையும் ஒப்பிடுவோம். பிரேம் இல்லாவிட்டால் கைக்காசாகச் செலவாவது 10,500, வருவது 16,250, மிச்சம் 5,750. பிரேம் போட்டால் செலவு 28,500, வருவது 25,250, அன்று மாலை கையில் 3,250 குறையும். விற்காத ஐந்து பிரேம்களும் வீண்போகவில்லை, அடுத்த முறைக்கு உதவும். ஆனாலும் முதன்முதலில் போகிறவருக்கு அந்தப் பாரம் பெரிது. ஆகவே இரண்டு படங்களுக்கு மட்டும் பிரேம் போட்டுப் பார்வைக்கு வைத்து, மற்றவற்றைத் தடித்த மட்டையில் பொருத்தித் தெளிவான உறையில் வைப்பது புத்தி.

மேலேயுள்ள கணக்கில் நம்மவர்கள் விட்டுவிடுவது எந்த வரி? உழைப்பு வரிதான். அதை நீக்கினால் விலை ரூபா 1,450 ஆகிவிடும். வாங்குபவருக்கு மலிவு. ஆனால் ஆறு மணித்தியாலம் ஒன்றுமில்லை என்று நாமே சொன்னதாகிறது. தையல், மருதாணி, சமையல் என்று பெண்களின் கைவேலை பலவற்றுக்கும் நேர்வது இதுவே.

பேரம்

சந்தை என்றால் “கொஞ்சம் குறைச்சுத் தாங்க” என்பார்கள். அதில் கோபிக்க ஒன்றுமில்லை. ஆகக் குறைந்த விலையை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போக வேண்டும். அதற்குக் கீழே இறங்கலாகாது. இரண்டு படங்கள் எடுத்தால் குறைத்துக் கொடுக்கலாம். ஒவ்வொரு படத்திலும் விலைச்சீட்டு இருந்தால் ஆளுக்கொரு விலை சொல்லும் சங்கடம் வராது. சில்லறைக் காசு, பற்றுச்சீட்டுப் புத்தகம், மழைக்கு மூட ஒரு பொலித்தீன் விரிப்பு ஆகியன கைவசம் இருக்கட்டும். நீர்வர்ணம் நேர்வெயிலில் மங்கும் என்பதால் நிழல் பார்த்து வையுங்கள்.

நேர்மை

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலொன்றினுள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்த சம்பவத்தை நாம் படித்திருக்கிறோம். ஓவியம் விற்பவருக்கும் அது பொருந்தும். கையால் எழுதியதா, அச்சுப் பிரதியா என்பதைக் கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். குர்ஆன் வசனமானால், ஒரு புள்ளி மாறினாலும் பொருள் மாறிவிடும். ஓதத் தெரிந்த ஒருவர் சரிபார்த்த பிறகே விற்பனைக்கு வைக்க வேண்டும்.

இணையத்தில் கண்ட பிறரது ஓவியத்தைப் பார்த்து வரைவது பயிற்சிக்கு நல்லது. அனுமதியின்றி விற்பதற்கு அல்ல. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கலைஞரின் பதிப்புரிமையை அவரது வாழ்நாளிலும், அதன்பின் 70 ஆண்டுகளும் பாதுகாக்கிறது. இச்சட்டம் நமக்கும் துணை. நம் படத்தை வாங்கியவர் அதைச் சுவரில் மாட்டலாம், மறுபடி விற்கலாம். நம் அனுமதியின்றி வாழ்த்து அட்டையாக அச்சடித்து விற்க முடியாது.

பெற்றோருக்கு

பரீட்சைக் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயமே. விடுமுறையில் ஒரு நாள், ஒரு மேசை என்ற அளவே போதும். அன்று உங்கள் மகள் செலவுக் கணக்கும், அந்நியரிடம் மரியாதையாகப் பேசும் முறையும், முடியாது என்று சொல்லும் துணிவும் கற்றுக்கொள்வாள். அவளது படத்தைப் பாராட்டுவதுடன் கணக்குக் கொப்பியையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.

அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்கள் தம் கையால் உழைத்து, அந்த உழைப்பிலிருந்தே தர்மம் செய்தவர்கள். நாமும் தாராளமாகக் கொடுப்போம். கொடுப்பதன் பெறுமதி என்ன என்பதை அறிந்தே கொடுப்போம். அடுத்த முறை ஒருவர் “இது என்ன விலை?” என்று கேட்கும்போது, தலை குனியாமல் ஒரு தொகையைச் சொல்வோம்.