உண்டியல் பணமா, காப்பீட்டு அட்டையா?



பாலசமுத்திரத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர் மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்திருந்தார். பொறுப்பான மனிதர். "இன்சூரன்ஸில் வட்டி கலந்திருக்கிறது, நமக்கு அது வேண்டாம். கட்ட வேண்டிய பிரீமியத்தை நாமே சேர்த்து வைப்போம்" என்று மாதம் 1,500 ரூபாய் தனிக் கணக்கில் போட்டு வந்தார். பதினான்காம் மாதம் அவருடைய அத்தாவுக்கு மாரடைப்பு. ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். கணக்கில் இருந்தது 21,000 ரூபாய். மருத்துவமனை கேட்டது ஒன்றரை லட்சம். இரவோடு இரவாக மனைவியின் நகையை அடகு வைத்தார். "வட்டிக்குப் பயந்து ஒதுங்கினேன், கடைசியில் வட்டிக்கடைப் படியைத்தான் ஏறினேன்" என்று அவர் சொன்னபோது எங்களிடம் பதில் இல்லை.

அத்தா நலமாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் விண்ணப்பத்தைப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. அந்தக் குடும்பத்தின் வருமானத்துக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை கிடைத்திருக்கும். அவர்கள் வாங்கவே இல்லை. அடகுச் சீட்டு வாங்கியாயிற்று. இந்தப் பாடத்தை எழுத அதுதான் காரணம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மாதம் 1,500 என்றால் ஆண்டுக்கு 18,000. ஒன்றரை லட்சம் சேர எட்டு ஆண்டு நான்கு மாதம் ஆகும். ஐந்து லட்சம் சேர ஏறக்குறைய 28 ஆண்டு. நோய் அதுவரை காத்திருக்காது. அதற்காகச் சேமிப்பு வீண் என்று சொல்லிவிட முடியாது. டாக்டர் பீஸ், ஸ்கேன், மாத்திரை, பழனிக்கோ மதுரைக்கோ போய்வரும் பஸ் செலவு, துணைக்கு இருப்பவரின் சாப்பாடு, வேலைக்குப் போகாத நாளின் கூலி ஆகியவற்றை எந்தக் காப்பீடும் பெரும்பாலும் தருவதில்லை. அதற்கு உண்டியல்தான் கைகொடுக்கும். அடிக்கடி வரும் சிறு செலவுக்குச் சேமிப்பு, எப்போதோ வரும் பெரிய அடிக்குக் காப்பீடு. ஒன்றின் வேலையை மற்றதிடம் கொடுத்ததால்தான் நம் சகோதரருக்கு அந்த நிலை வந்தது.

மருத்துவத்துக்கென்றே சேமிப்புக் கணக்கு வைத்த நாடுகளும் இதைத்தான் செய்தன. சிங்கப்பூரில் 1984-ல் மெடிசேவ் என்ற கட்டாயச் சேமிப்பு வந்தது. பெரிய நோய்களுக்கு அது போதாது என்று 1990-ல் மெடிஷீல்டு காப்பீட்டைச் சேர்த்தார்கள். அதன் பிரீமியத்தை மெடிசேவ் பணத்திலிருந்தே கட்டலாம். (நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கே வொர்க் பெர்மிட்டில் இருந்தால் இந்தக் கணக்கு அவர்களுக்குக் கிடையாது, முதலாளி எடுத்துத் தரும் காப்பீடுதான்.) அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த மருத்துவச் சேமிப்புக் கணக்கையும் தனியாகத் தொடங்க முடியாது. முதல் பெருந்தொகையை நோயாளியே ஏற்கும் வகைக் காப்பீடு ஒன்று இருந்தால்தான் தொடங்க முடியும். நம் நாட்டில் அப்படி ஒரு தனிக் கணக்கு இல்லை. நாமே பிரித்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது அட்டைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சை. ஆண்டு வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாயாக இருந்தது. பிறகு 1,20,000 ஆக உயர்த்தப்பட்டது. "நமக்குக் கிடைக்காது" என்று பழைய வரம்பை மனதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பிரீமியம் அரசு கட்டுகிறது. பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, திட்டத்தில் சேர்ந்த அரசு மருத்துவமனையிலும் தனியார் மருத்துவமனையிலும் பணம் கட்ட வேண்டியதில்லை. ஸ்டென்ட் வைப்பதும் அந்தப் பட்டியலில் உண்டு.

வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, குடும்பத்தார் ஆதார் ஆகியவற்றுடன் திண்டுக்கல் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள திட்ட மையத்தில் பதிய வேண்டும். ரேஷன் கார்டில் பெயர் இருப்பவருக்குத்தான் சிகிச்சை. நம் வீடுகளில் சிக்கல் வருவது இங்கேதான். நிக்காஹ் முடிந்து மூன்று வருடம் ஆன மருமகளின் பெயர் தாய்வீட்டுக் கார்டிலேயே இருக்கும். பிறந்த பிள்ளையின் பெயர் எதிலுமே இருக்காது. பிரசவத்திலோ விபத்திலோ மாட்டிக்கொண்ட பிறகு பெயர் மாற்ற ஓடுவதைப் பார்த்திருக்கிறோம்.

வருமானம் வரம்புக்கு மேல் உள்ளவர்களுக்குத் தனியார் பாலிசி என்ற கேள்வி வரும். அதற்கு முன் மார்க்கக் கேள்வி. அதை மழுப்ப நாங்கள் விரும்பவில்லை. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிலையான பிரீமியம் வாங்கும் வணிகக் காப்பீட்டில் கரர் எனப்படும் நிச்சயமின்மை பெரிய அளவில் இருப்பதால் அது கூடாது என்று தீர்மானித்தது. தபர்ருஉ, அதாவது நன்கொடை அடிப்படையில் ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீட்டை மாற்றாகக் காட்டியது. மலேசியாவில் 1984-லேயே தகாஃபுல் சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் தகாஃபுல் நிறுவனம் இல்லை. அந்த மாற்று இல்லாத இடத்தில், மருத்துவச் செலவு கடனில் தள்ளும் நிலையில் என்ன செய்வது என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஃபத்வா கொடுப்பது எங்கள் வேலை அல்ல. உங்கள் குடும்ப நிலையைச் சொல்லி நம்பகமான ஆலிமிடம் கேளுங்கள். கேட்கும்போது, "பாலிசி எடுக்கலாமா" என்பதோடு, "எடுக்காவிட்டால் நகையை வட்டிக்கு வைக்க நேரலாம்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதியை மறைத்துக் கேட்டால் பதிலும் பாதியாகத்தான் கிடைக்கும்.

பாலிசி எடுப்பதென்று முடிவு செய்தவர்கள் ஏஜென்ட் பேச்சை மட்டும் நம்பாமல் சிலவற்றை எழுத்தில் பார்க்க வேண்டும். விபத்தைத் தவிர முதல் 30 நாளுக்குள் வரும் நோய்க்குப் பணம் வராது. கண்புரை, குடலிறக்கம், கல் போன்றவற்றுக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷர் தொடர்பான சிகிச்சைக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு. 2024-க்கு முன் இது நான்காக இருந்தது. ஆகவே நோய் வந்த பின் எடுக்கலாம் என்பது நடக்காது. சர்க்கரை இருப்பதை மறைத்துப் படிவம் நிரப்பாதீர்கள். "எழுதினால் பிரீமியம் கூடும், விடுங்க பாய்" என்று சொல்லும் ஏஜென்ட், கிளைம் நிராகரிக்கப்படும் நாளில் பக்கத்தில் இருக்கமாட்டார். பொய் சொல்லி வாங்கும் பணம் நமக்கு ஆகுமா என்பது வேறு விஷயம்.

அறை வாடகை வரம்பையும் பாருங்கள். பாலிசி நாளுக்கு 4,000 ரூபாய் அறைக்கு என்றிருக்க, 8,000 ரூபாய் அறை எடுத்தால் மீதி 4,000-ஐ மட்டும் நாம் கட்டினால் போதும் என்றே நினைப்போம். டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் பாதியைக் கழிக்கும் பாலிசிகள் உண்டு. வசதியான அறை என்று ஆசைப்பட்டு இப்படிப் பெருந்தொகை இழந்தவர்கள் உண்டு. புதிதாக எடுப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. இல்லை.

பாலிசி வேண்டாம் என்று பேணுதலாக இருப்பவர்கள், தனியாகச் சேர்க்காமல் குடும்பமாகச் சேருங்கள். அண்ணன் தம்பி நான்கு வீடு, வீட்டுக்கு 500 என்றால் மூன்று ஆண்டில் 72,000. கொடுத்தது கொடுத்ததுதான், யாருக்கு நோய் வந்தாலும் எடுக்கலாம், மற்றவர் திருப்பிக் கேட்கக் கூடாது என்று முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுதாவிட்டால் மருத்துவமனையிலிருந்து வந்த கையோடு பங்காளிச் சண்டை தொடங்கும். பணம் இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் எடுக்கக்கூடிய கணக்கில் இருக்கட்டும். அதில் விழும் வட்டியைத் தனியே பிரித்து, நன்மையை எதிர்பாராமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். தன் பெயரில் தனியாகச் சேர்ப்பவர்கள், மருத்துவத்துக்கென ஒதுக்கிய பணம்தானே என்று அதை ஜகாத் கணக்கில் விட்டுவிடக் கூடாது. அதையும் மற்றக் கையிருப்போடு சேர்த்துக் கணக்கிட ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதாந்திர சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு உண்டியலைத் தொட வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள்.

அட்டை வாங்காதவர்கள் ரேஷன் கார்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு ஜும்ஆ முடிந்ததும் அலுவலகத்துக்கு வாருங்கள். வருமானச் சான்றுக்கான மனுவை நாங்கள் எழுதித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ். ஏற்கெனவே அட்டை இருப்பவர்கள் எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சை உண்டு என்பதை 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்டு, அட்டையின் பின்னாலேயே குறித்து வையுங்கள். மருமகள் பெயர் கார்டில் இருக்கிறதா என்று இன்றிரவே எடுத்துப் பாருங்கள்.