வானத்தில் ஒரு கேமரா

"பெரும் புயல் வருகிறதாம்!" கடலோர ஊரில் பேச்சு பரவுகிறது. கைப்பேசியில் ஒரு படமும் வருகிறது. நம்பலாமா?

புயலைப் படம் எடுக்க வானத்தில் கேமரா இருக்கிறது. இன்சாட்-3டிஎஸ் நம் நாட்டுச் செயற்கைக்கோள். 2024 பிப்ரவரி 17 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அதை ஏவினார்கள். அது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதில் உள்ள கேமராவுக்கு பிலிம் கிடையாது. படம் எண்களாக மாறித் தரைக்கு வருகிறது.

பகலில் சூரிய வெளிச்சத்தில் மேகம் தெரியும். இரவில் எப்படித் தெரியும்? கேமரா வெப்பத்தை அளக்கிறது. உயரமான மேகம் குளிர்ந்து இருக்கும். படத்தில் அது வெள்ளையாகத் தெரியும்.

தில்லியில் லோதி ரோடு இருக்கிறது. அங்கே 'மௌசம் பவன்' உள்ளது. அதுதான் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமை அலுவலகம். புயல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அங்கே படங்களைப் பார்த்துக் கணிக்கிறார்கள்.

அவர்களுடைய படத்தில் தேதியும் நேரமும் இருக்கும். அதைப் படியுங்கள். தேதி பழையதா? அது பழைய புயல். தேதியே இல்லையா? யாருக்கும் அனுப்பாதீர்கள். வானொலிச் செய்தியைக் கேளுங்கள். எச்சரிக்கை உண்மை என்றால் கடலுக்குப் போகாதீர்கள்.

விடை கூறுங்கள்:
1. இரவில் மேகம் எப்படித் தெரிகிறது?
2. புயல் படத்தில் முதலில் எதைப் படிக்க வேண்டும்?