இணையம் வரவில்லையா? கீழிருந்து பாருங்கள்

என்.எம்.எம்.எஸ். தேர்வுக்கு எங்கள் எட்டாம் வகுப்பில் நான்கு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். உதவித்தொகைக்குத் தெரிவானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். சங்கரன்கோவிலில் தறி ஓட்டும் குடும்பங்களுக்கு அது சிறிய தொகை அல்ல. பதிவேற்றக் கடைசி நாள் காலையில் பள்ளிக் கணினியில் இணையம் இல்லை.

அதே கேபிளை மடிக்கணினியில் செருகினால் இணையம் வந்தது. கோளாறு கணினிக்குள்தான். தெரிந்தவர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "ஃபார்மட் பண்ணிருங்க" என்றார். ஸ்கேன் செய்த சான்றிதழ்கள், புகைப்படங்கள் எல்லாம் அதற்குள்தானே இருக்கின்றன!

விண்டோஸ் 10 கணினி அது. விண்டோஸ் விசையுடன் 'ஆர்' விசையை அழுத்தி, 'சர்வீசஸ்.எம்எஸ்சி' என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து பட்டியலைத் திறந்தேன். 'நெட்வொர்க் லிஸ்ட் சர்வீஸ்' நின்றிருந்தது. ஸ்டார்ட் கொடுத்தால் பிழை 1068. மூன்று முறை கொடுத்தேன், மூன்று முறையும் அதேதான். இது சார்ந்திருக்கும் வேறொரு சேவை தொடங்கவில்லை என்பதே அந்த எண்ணின் பொருள். அருகில் நின்ற மாணவியிடம் விளக்கினேன். "பாவு ஏத்தாம தறி எப்படி டீச்சர் ஓடும்?" என்றாள். நான் சொன்னதைவிட அது தெளிவாக இருந்தது.

சேவையின் பெயரை இருமுறை சொடுக்கி 'டிபென்டென்சீஸ்' பகுதிக்குப் போங்கள். மேல் கட்டத்தில் இருப்பவை இந்தச் சேவைக்குத் தேவையானவை. கீழ்க் கட்டத்தில் இருப்பவை இதை நம்பி இருப்பவை. மேல் கட்டத்தில் 'நெட்வொர்க் லொகேஷன் அவேர்னஸ்' இருந்தது. அதை விரித்தால் 'டிஎச்சிபி கிளையன்ட்'. மோடத்திடம் ஐ.பி. முகவரி கேட்டு வாங்குவது இதுதான். அது 'டிசேபிள்ட்' நிலையில் கிடந்தது. ஸ்டார்ட் பொத்தானே மங்கியிருந்தது.

ஸ்டார்ட்அப் டைப்பை 'ஆட்டோமேட்டிக்' ஆக்கி, அப்ளை கொடுத்து, பிறகு ஸ்டார்ட் கொடுத்தேன். அடுத்து லொகேஷன் அவேர்னஸ், அதன்பின் நெட்வொர்க் லிஸ்ட். இந்த வரிசையில்தான் போக வேண்டும்; அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் நுழைந்திருக்கவும் வேண்டும். டிஎச்சிபியும் 1068 காட்டினால், அதற்கும் கீழே டிரைவர்கள் இருக்கின்றன. அவை இந்தப் பட்டியலில் தெரியாது. அப்போது ஃபார்மட்டுக்கு முன் சிஸ்டம் ரெஸ்டோர் செய்து பாருங்கள். மீட்புப் புள்ளி இருந்தால் போதும். நம் கோப்புகளை அது தொடாது.

டிஎச்சிபியை நிறுத்தியது யார்? கணினி வேகமாகும் என்று முந்தைய வாரம் நானே இறக்கிய இலவச மென்பொருள்! அதை அன்றே நீக்கினேன். நான்கு விண்ணப்பங்களும் மாலைக்குள் ஏறிவிட்டன. மூன்று சேவைகளின் பெயர்களையும் கீழிருந்து மேலாக எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன்.